மாமனாரின் இரண்டாவது பரீட்சை

முதியோர் பராமரிப்பு இன்சூரன்ஸ் அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தைப் படித்துவிட்டு ஹேரான் அடுப்படியில் நின்று அழுதாள். அதே கடிதத்தை அவள் வாசிக்கக் கேட்டுவிட்டு மாமனார் க்வாக் மான்சோக் கூடத்தில் உட்கார்ந்து கொதித்துக்கொண்டிருந்தார். எண்பத்தோரு வயதில் முதன்முதலாக ஒரு பரீட்சையில் தோற்றுப்போயிருந்தார்.

"நிலை எதுவும் வழங்கப்படலைன்னா என்னம்மா அர்த்தம்? ஃபெயிலா?"

"ஃபெயில் இல்ல மாமா. உங்களுக்கு யார் உதவியும் தேவையில்லைன்னு எழுதியிருக்காங்க."

"கீழ்த்தெரு ஹ்வாங்குக்கு மூணாம் நிலை குடுத்திருக்கானே! சட்டையைத் திருப்பிப் போட்டுக்கிட்டு ஊரைச் சுத்துற பய. அவனுக்கு மூணு, எனக்கு ஒண்ணுமே இல்லையா?"

"முடியாதவங்களுக்குத்தான் மாமா நிலை குடுப்பாங்க. ரொம்ப முடியலைன்னா ஒண்ணு. கொஞ்சம் தேவலைன்னா நாலு, அஞ்சு."

"எந்த ஊர்லம்மா முடியாதவனுக்கு மார்க் போடுவான்?" என்றார் மான்சோக். "மறுபடியும் எழுதிப் போடு. இந்தத் தடவை பாத்துக்கிறேன்."

ஹேரானைப் பயமுறுத்தியதே அந்தக் கடைசி வாக்கியம்தான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து அவருடைய இடது காலைப் பாதியாக்கிவிட்டுப் போயிருந்தது. கைகள் இரும்பு. பேச்சு வெண்கலம். ஆனால் தரையில் உட்கார்ந்தால் எழ முடியாது, விரல் நுனி மரத்துப்போய்க் கோட்டுப் பொத்தான் போட முடியாது, அடுப்பை அணைத்தோமா என்பது நினைவிருக்காது. இதெல்லாம் வீட்டுக்குள் நடக்கும் சங்கதி. வெளியாள் ஒருவர் வாசலில் செருமினால் போதும், முப்பது வயது குறைந்துவிடும் அவருக்கு. சாம்கோல் கிராமத்தில் க்வாக் குலத்தின் மூத்த வழி வீடு அது. விருந்தாளி வரும்போது வீட்டுக்காரன் எழுந்து நிற்பான், போகும்போது வாசல்வரை வந்து அனுப்புவான். இதை யாரும் சட்டமாகச் சொல்லி வைத்ததில்லை. மூச்சு விடுவதைப் போல நடந்துவந்தது.

முதல் தடவை மதிப்பீட்டுக்கு வந்த அதிகாரியையும் அவர் அப்படித்தான் அனுப்பிவைத்தார். கார் வளைவில் மறையும்வரை நிமிர்ந்து நின்று தலை வணங்கினார். அப்புறம் வாசல் தூணைப் பிடித்தபடி அங்கேயே நின்றுவிட்டார், திரும்பி நடக்கக் கால் வரவில்லை. ஹேரானின் கணவன் ஜோங்தேதான் அப்பாவை முதுகில் சுமந்துகொண்டு உள்ளே வந்தான். பேருந்து ஓட்டுகிறவன், ஐம்பத்தெட்டு வயது, அவனுக்கே முதுகுவலி. முதுகில் தொங்கிக்கொண்டே அப்பா அவன் காதருகே கேட்டார்:

"எப்படிடா, நல்லாச் செஞ்சேனா?"

"பிரமாதம்ப்பா" என்றான் ஜோங்தே. அப்பாவிடம் வேறு எதையும் சொல்லிப் பழக்கமில்லாதவன்.

நிலை கிடைத்திருந்தால் நகரத்து முதியோர் பகல் இல்லத்திலிருந்து தினமும் காலையில் வேன் வந்து அவரை அழைத்துப்போகும். செலவில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்கை இன்சூரன்ஸ் கட்டும். நிலை இல்லையென்றால் முழுச் செலவும் வீட்டுத் தலையில், அதுவும் ஹேரானின் பார்லர் வருமானத்தில் பாதிக்கு மேல். அதற்கு இன்னொரு வழி இருந்தது. டேகுவில் இருக்கும் நாத்தனார் அதைத் தொலைபேசியில் மிக இனிமையாகச் சொன்னாள்.

"அண்ணி, அவ்வளவு காசை வெளியாளுக்குக் கொட்டுறதுக்கு, நீங்களே வீட்ல இருந்துட்டா என்ன? கடைதானே. எப்ப வேணா திறந்துக்கலாம்."

"வேணும்னா ஒரு வாரம் நீ வந்து இருந்து பாரேன் கண்ணு."

"எனக்கு இடுப்பு வலி அண்ணி. அப்பா போன்ல எவ்வளவு கணீர்னு பேசுறார், அவருக்கு என்ன குறைச்சல்?"

சந்தைத் தெருவில் இரண்டு நாற்காலியும் வாசலில் ஒரு சுழல் விளக்கும் உள்ள அந்த முடியலங்காரக் கடையை ஹேரான் இருபத்தாறு வயதில் எடுத்தாள். சுற்று வட்டாரத்துக் கிழவிகள் அத்தனை பேருடைய சுருள் முடியும் அவள் கைப்பட்டது. இப்போதெல்லாம் மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டு மாமனாரைப் பார்க்க ஓடிவருகிறாள். போன மாதம் அப்படி ஓடிவந்த நேரத்தில், தலையில் உருளைகளோடும் சுருள் மருந்தோடும் உட்காரவைத்திருந்த அரிசிமில் அம்மாளை மறந்தேபோனாள். திரும்பிப் போய்ப் பிரித்தபோது முடி கையோடு வந்தது. அந்த அம்மாள் இன்னும் தொப்பி போட்டுக்கொண்டுதான் கோயிலுக்குப் போகிறாள். கடை ஒப்பந்தம் இந்த மாதக் கடைசியில் முடிகிறது. புதுப்பிக்கிறாயா இல்லையா என்று கட்டடக்காரர் இரண்டு தடவை கேட்டுவிட்டார்.

அதனால் இரண்டாவது மதிப்பீட்டை ஹேரான் ரகசியமாகத் திட்டமிட்டாள். தேதியை மாமனாரிடம் சொல்லப்போவதில்லை. அழுக்குப் பருத்திக் கால்சட்டையோடு, சவரம் செய்யாத முகத்தோடு, அடியில் கணப்பு ஓடும் சூடான தரையில் சாய்ந்து கிடக்கும்போது அதிகாரி நேராக உள்ளே வந்து பார்க்கட்டும். இந்தத் தடவை பெண் அதிகாரி என்று தொலைபேசியில் சொல்லியிருந்தார்கள். சந்துக்குள் கார் வர வேண்டும் என்பதால் ஊர்த்தலைவர் பாங்கிடம் மட்டும், வழியில் டிராக்டரை நிறுத்தாதீர்கள் என்று சொல்லிவைத்தாள்.

அன்று காலை அவள் முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தபோது ஊர் ஒலிபெருக்கி கரகரத்தது.

"ஆ, ஆ. கேக்குதா? ஊர்த்தலைவர் பேசுறேன். இன்னைக்கு மத்தியானம் நம்ம க்வாக் மான்சோக் ஐயா வீட்டுக்கு இன்சூரன்ஸ் ஆபீஸ்ல இருந்து மதிப்புக்குரிய அதிகாரி வர்றாங்க. சந்துல யாரும் வண்டி நிறுத்தாதீங்க. ஐயா, இந்தத் தடவை நிச்சயம் பாஸ் பண்ணிடுங்க. ஊரே உங்க பக்கம்தான். அப்புறம், மிளகாய் நாத்து கேட்டவங்க வந்து வாங்கிக்கலாம்."

ஹேரான் கத்தியைக் கீழே வைத்தாள். கூடத்திலிருந்து மாமனார், பேரப்பிள்ளையின் பெயரைச் சேர்த்து, அவளைக் கூப்பிட்டார்.

"போரம் அம்மா! என் சவரக் கத்தி எங்க?"

மத்தியானத்துக்குள் அவர் சவரம் செய்து, நீள வெள்ளை மேலங்கி அணிந்து, குலச் சடங்குக்கு மட்டும் வெளியே எடுக்கும் குதிரைமுடித் தொப்பியும் வைத்துக்கொண்டுவிட்டார். பொத்தான்களை ஹேரான்தான் போட்டாள். கைப்பிடி வைத்த நாற்காலியைக் கூடத்தின் நடுவில் போடச் சொல்லி அதில் ராஜா மாதிரி உட்கார்ந்தார்.

"மாமா, கால் வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அது போதும்."

"வந்தவங்ககிட்ட நம்ம வலியைச் சொல்றதா? அவங்களுக்கு எத்தனை வலி இருக்கோ." முற்றத்து ஊறுகாய்ச் சாடிகளின் மேல் பக்கத்து வீட்டுப் பூனை படுத்துக்கிடந்தது. சமீபமாக அது உருண்டையாகப் பெருத்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இன்னைக்குத் தேதி கேப்பாங்க. படிச்சு வச்சிருக்கேன்."

வந்த பெண்ணுக்கு முப்பதைச் சற்றுத் தாண்டியிருக்கும். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட். காலணியைக் கழற்றியபோது வலது காலுறையில் ஓட்டை தெரிந்தது. அதை இன்னொரு காலால் மறைத்தபடி குனிந்து வணக்கம் சொன்னாள். மான்சோக் நாற்காலிக் கைப்பிடிகளை ஊன்றி, தடங்கலே இல்லாமல் எழுந்து நின்றார்.

"வாங்க, வாங்க. ஏழை வீடு. இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க."

"உக்காருங்க ஐயா. சில கேள்விதான். இன்னைக்கு என்ன தேதி?"

"சூரியக் கணக்கா, சந்திரக் கணக்கா?"

"எதுவானாலும் சரி."

இரண்டையும் சொன்னார். கூடவே அன்று எந்த முன்னோருக்குச் சடங்கு நாள் என்பதையும், அவர் எந்த அரசர் காலத்தில் என்ன பதவி வகித்தார் என்பதையும் சொன்னார். கையைத் தூக்கச் சொன்னால் இரண்டு கையையும் கூரைக்குத் தூக்கினார். நடக்கச் சொன்னால், குடையைக் கையில் எடுத்துக்கொண்டு, அது கைத்தடி அல்ல, வெளியே மேகமாக இருக்கிறது என்ற பாவனையில் சுவரோரமாக நாலு அடி வைத்துத் திரும்பினார்.

"படுத்துட்டு எழுந்து காட்ட முடியுமா ஐயா?"

"விருந்தாளி முன்னாடி படுக்குற வழக்கம் இந்த வீட்ல இல்ல."

"குளிக்கிறது?"

"நானே."

ஹேரான் பொறுக்காமல் வாயைத் திறந்தாள். "இல்லீங்க, என் வீட்டுக்காரர்தான் லீவு நாள்ல..."

"என் மருமக தங்கம்" என்றார் மான்சோக் அதிகாரியைப் பார்த்து. "எனக்கு ஒரு வேலையும் விடுறதில்ல. நான் செய்யுறேன்னு சொன்னாலும் கேக்க மாட்டா. இந்தக் காலத்துல இப்படி ஒரு மருமகளைப் பாத்திருக்கீங்களா?"

"இல்லை ஐயா" என்று அந்தப் பெண் சிரித்தாள். ஹேரான் உண்மை சொல்லச் சொல்ல அது மருமகளின் பாசக் கணக்கில் போய்ச் சேர்ந்தது. டேப்லெட்டில் அந்தப் பெண்ணின் விரல் ஒரே பக்கத்தில் விழுந்துகொண்டிருந்ததை அவள் பார்த்தாள். முடியும், முடியும், முடியும். சந்தைத் தெருவில் தன் சுழல் விளக்கு அணைவது அவளுக்குத் தெரிந்தது.

கேள்விகள் முடிந்தன. பெண் டேப்லெட்டை மூடினாள். வாங்கிய தேநீரை ஒரு வாய் குடித்தாள். அப்போதுதான் மான்சோக்கின் கண் அடையாள அட்டையில் விழுந்தது.

"க்வாக் சேபோம். க்வாக்கா? எந்த க்வாக்?"

"தெரியலைங்க ஐயா. அப்பா இந்தப் பக்கத்துப் பூர்வீகம்னு சொல்வார். நான் போஹாங்ல பிறந்தவ."

"நம்ம குலத்துல தலைமுறைக்கு ஒரு எழுத்து பேர்ல வரும், உங்க பேர்ல அது தெரியலையே. புதுக்காலத்துப் பேர். அப்பா பேர் என்ன?"

"இன்க்யூ."

"க்யூவா?" மான்சோக் நாற்காலியில் முன்னால் நகர்ந்தார். "அவருக்கு வயசென்ன?"

"அறுபத்திரண்டு."

"தாத்தா வீட்டுக்குக் கடைசிப் பிள்ளையா?"

"ஆமா. எப்படித் தெரியும்? தாத்தாவும் கடைசிதான். எங்க பக்கம் எல்லாருமே கடைசிப் பிள்ளைன்னு அப்பா கேலி பண்ணுவார்."

மான்சோக்கின் முகத்தில் ரத்தம் ஏறியது. மூத்த பிள்ளைகளின் வழியில் தலைமுறை ஓடும், கடைசிப் பிள்ளைகளின் வழியில் நகரும். நாலு நூற்றாண்டில் அந்த இடைவெளி எவ்வளவு என்று அவர் விரல் விட்டு எண்ணிப் பார்க்கத் தேவையிருக்கவில்லை.

"க்யூ எழுத்து என் தாத்தாவோட வரிசை" என்றார் மெதுவாக. "உங்கப்பா எனக்குத் தாத்தா முறை. அப்படின்னா நீங்க..." தொப்பியைச் சரிசெய்தார். "அத்தை!"

சேபோம் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். "யாருங்க?"

"நீங்கதான். அத்தையைக் கீழ உக்காரவச்சு நான் நாற்காலியில உக்காந்திருந்தேனே! போரம் அம்மா, அத்தையைச் சூடான பக்கம் உக்காரச் சொல்லு. அத்தை, என்கிட்ட 'ங்க' போட்டுப் பேசாதீங்க. ஊர் கேட்டாச் சிரிக்கும்."

"ஐயா, எனக்கு முப்பத்திமூணு வயசு."

"வயசு எல்லாருக்கும்தான் வருது" என்றார் மான்சோக். எழுந்தார். ஹேரான் "மாமா, வேண்டாம்" என்று ஓரடி எடுத்துவைப்பதற்குள், மேலங்கி ஓரத்தை ஒதுக்கி, நாற்காலியைப் பிடித்து முழங்காலிட்டு, இரண்டு கையையும் தரையில் வைத்து, நெற்றி கையில் படும்படி விழுந்து பெரிய வணக்கம் செய்தார். அழகான வணக்கம். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

சேபோம் பதறிப்போய்த் தானும் தரையில் விழுந்து பதில் வணக்கம் செய்தாள். அவளுடைய ஓட்டைக் காலுறை கூரையைப் பார்த்தது. பிறகு நிமிர்ந்தாள்.

மான்சோக் நிமிரவில்லை.

முதலில் அது மரியாதையின் நீளம் என்றே தோன்றியது. தொப்பி மெல்லச் சரிந்து தரையில் உருண்டு சுவரோரம் போய் நின்றது. அவர் அதை எடுக்கவில்லை.

"போரம் அம்மா" என்றது தரையிலிருந்து ஒரு குரல், கொஞ்சமும் கலங்காமல். "அத்தைக்கு டீ ஆறிடுச்சு. மாத்திக் கொண்டு வா."

"இப்பத்தான் மாமா வச்சேன். ஆவி வருது."

"அப்ப பெர்சிமன் பழம் கொண்டு வா."

"முன்னாடியே இருக்கு மாமா."

அவருடைய வலது கை தரையில் அழுந்தியது, தோள் உயர்ந்தது, பிறகு தாழ்ந்தது.

"ஐயா, எழுந்திரிக்கலாமே" என்றாள் சேபோம்.

"என்ன அவசரம். அத்தை முன்னாடி கொஞ்ச நேரம் இப்படி இருக்கறதுல ஒரு திருப்தி."

ஹேரான் அவருடைய கக்கத்தில் கை கொடுக்கக் குனிந்தாள். அவர் தோளை உதறினார். சேபோம் அவர் பக்கத்தில், அதே உயரத்துக்கு முழங்காலிட்டு உட்கார்ந்துகொண்டாள். டேப்லெட்டை எடுக்கவில்லை.

"நான் அத்தைன்னா, நான் கேட்டா உண்மையைச் சொல்லணும் இல்லையா?"

"சொல்லணும்" என்றார் மான்சோக். "மேல் தலைமுறைகிட்டப் பொய் சொன்ன க்வாக் எவனும் கிடையாது."

"அப்ப உங்களைத் தூக்கி உக்காரவச்சுட்டுக் கேக்குறேன்."

"வேண்டாம் அத்தை. இப்படியே கேளுங்க. மூஞ்சியைப் பாத்தா எனக்குச் சொல்ல வராது."

சேபோம் ஒரு சிறு மெத்தையை எடுத்து அவர் முழங்காலடியில் நுழைத்தாள். பிறகு கேட்டாள்.

"தரையில இருந்து நீங்களா எழுந்திரிக்க முடியுமா?"

"முடியாது."

"குளியல்?"

"ஜோங்தே. ஞாயித்துக்கிழமை. அவன் டூட்டிக்குப் போயிட்டா அந்த வாரம் இல்ல."

"இந்தப் பொத்தான்?"

"மருமக."

"மத்தியானச் சாப்பாடு?"

"மருமக வச்சுட்டுப் போவா. ஓடிவந்து பாத்துட்டும் போவா."

"சாப்பிடுறீங்களா?"

தரைக்குள்ளிருந்து ஒரு நீண்ட மூச்சு வந்தது.

"இல்ல அத்தை."

ஹேரான் நிமிர்ந்தாள். "என்ன மாமா சொல்றீங்க? கிண்ணம் காலியாத்தானே இருக்கு?"

"சாப்பிட்டா சாயங்காலத்துக்குள்ள கக்கூஸ் போகணும். போனா அங்க எழுந்திரிக்க முடியாது. ஒரு நாள் மாட்டிக்கிட்டேன். நீ வர்ற வரைக்கும் கதவைத் தட்டிக்கிட்டிருந்தேன். நீ வந்ததும் பாட்டுப் பாடுற மாதிரி இருந்துட்டேன்." முற்றத்துப் பக்கம் ஒரு விரலை நீட்டினார். "சாப்பாட்டைப் பூனைக்குப் போட்டுருவேன். அது நல்லாச் சாப்பிடுது."

ஹேரானுக்கு அந்தப் பாட்டு நினைவிருந்தது. மாமா இன்று நல்ல மனநிலையில் இருக்கிறார் என்று கணவனிடம் அன்று சொல்லியும் இருந்தாள். முற்றத்தில் பூனை கண்ணை மூடிக்கொண்டு கிடந்தது. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒரே இடத்தில் வந்து இடித்துக்கொண்டன. தன் கடைக்காக இரண்டு வாரம் திட்டம் போட்டவள், கிண்ணம் எப்படிக் காலியாகிறது என்று ஒரு நாள்கூடக் கேட்டுப் பார்க்கவில்லை.

இன்னும் சில கேள்விகள் இருந்தன, எல்லாவற்றுக்கும் பதில் தரையிலிருந்தே வந்தது. பிறகு இரண்டு பெண்களுமாக அவரைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்தார்கள். நெற்றியில் விரல்களின் தடம் பதிந்திருந்தது. தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார், தலையில் வைக்கவில்லை.

சேபோம் அப்போதுதான் டேப்லெட்டைத் திறந்து முதலிலிருந்து மாற்றினாள்.

"நான் பாத்ததை எழுதுறேன், அவ்வளவுதான். முடிவு பண்றது கமிட்டி."

"சொந்தக்காரங்கன்னு பிரச்சனை வராதே?" என்றாள் ஹேரான்.

"நானூறு வருஷத்துச் சொந்தத்தையெல்லாம் கணக்குல எடுத்தா இந்தப் பக்கம் நான் எந்த வீட்டுக்கும் போக முடியாதும்மா."

"பழத்தைக் கட்டிக் குடு" என்றார் மான்சோக்.

"வேண்டாங்க ஐயா. ஒண்ணும் வாங்கக் கூடாதுன்னு சட்டம்."

"அத்தைக்கு மருமகன் குடுக்குறதுக்குமா சட்டம்?"

"அதுக்குத்தான் முக்கியமா சட்டம்."

சேபோம் வாசலுக்குப் போய்க் காலணியைப் போட்டாள். ஹேரான் திரும்பிப் பார்த்தாள். மாமனாரின் கைகள் நாற்காலிக் கைப்பிடிகளுக்குப் போயிருந்தன. விரல்கள் இறுகின. அந்த வீட்டிலிருந்து ஒரு விருந்தாளி, அதுவும் மேல் தலைமுறை, தனியாக வாசலைத் தாண்டியதில்லை. பிறகு அவர் கைகளை எடுத்து மடியில் தொப்பியின் மேல் வைத்துக்கொண்டார்.

"அத்தை" என்றார் உரக்க. "நான் எழுந்திரிக்கல. மன்னிச்சுக்கணும்."

சேபோம் வாசற்படியில் நின்றாள். 'ங்க' போடலாமா கூடாதா என்று ஒரு கணம் தவித்தது முகத்தில் தெரிந்தது.

"இரு" என்றாள் கடைசியில், காது சிவக்க. "பரவாயில்ல. உக்காந்திரு."

மான்சோக் உட்கார்ந்தபடியே தலை வணங்கினார்.

மாதக் கடைசிக்கு முன்பே கடிதம் வந்தது. நாலாம் நிலை. ஹேரான் ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் கட்டடக்காரரிடம் போய் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து மாமனாருக்குப் படித்துக் காட்டினாள். ஹ்வாங்குக்கு மூன்று, இவருக்கு நாலு. ஒரு இடி விழும் என்று எதிர்பார்த்துத்தான் படித்தாள்.

மான்சோக் கடிதத்தை வாங்கி அந்த எண்ணைத் தடவிப் பார்த்தார்.

"ரொம்ப முடியலைன்னா ஒண்ணு. அப்படித்தானே சொன்னே?"

"ஆமா மாமா."

"தேவலைன்னா நாலு?"

"ஆமா."

"ம்" என்றார். "அத்தைக்கு நல்ல பார்வை."

திங்கட்கிழமை காலை பகல் இல்லத்து வேன் சந்து முனையில் வந்து நின்றது. உள்ளே ஏற்கெனவே ஹ்வாங் உட்கார்ந்திருந்தார், சட்டை திரும்பித்தான் இருந்தது. ஓட்டுநர் மான்சோக்கைத் தாங்கி ஏற்றும்போது, உன் குலப்பெயர் என்ன, எந்த ஊர், அப்பா பேர் என்ன என்று அவர் அந்த ஓட்டுநரையே விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். ஹேரான் கைப்பையோடு பின்னால் நின்றாள். அவளுக்கும் பார்லருக்கு நேரமாகிவிட்டது. அரிசிமில் அம்மாள் துணிந்து மறுபடியும் வருகிறாள், இந்தத் தடவை முடி வெட்டிக்கொள்ள மட்டும்.

கதவு சாத்துவதற்குள் உள்ளே நடந்த பேச்சு அவள் காதில் விழுந்தது.

"உனக்கு மூணு, இல்ல?" என்றார் மான்சோக்.

"மூணுதான். உனக்கு?"

"நாலு. மூணுன்னா என்னன்னு உனக்கு யாரும் எடுத்துச் சொல்லலையா? பாவம்டா நீ. மத்தியானம் எது வேணும்னாலும் என்னைக் கேளு, சங்கடப்படாத."

"முதல்ல உன் சீட் பெல்ட்டைப் போடு" என்றார் ஹ்வாங்.

"போரம் அம்மா!" என்று மான்சோக் சன்னலைத் தட்டினார். "இந்தப் பெல்ட்டை எப்படிம்மா போடறது?"